சங்கையாவின் வெறும் வயிறு

தலை சுற்றுகிறதா என்று கேட்டால் சங்கையா ஒப்புக்கொள்ள மாட்டார். பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அது இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பார். ஆள் அப்படி.

காலை எட்டரை மணி. சிவகாசியில் அந்த ஆஸ்பத்திரியின் லேப் வாசலில், நீல நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தம் கொடுத்தாயிற்று. ஊசி போட்ட பெண் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. "தாத்தாவுக்கு நரம்பு ஒளிஞ்சுக்கிடுது" என்றாள் அவள்.

சங்கையா சிரித்துக்கொண்டார். இன்றைக்கு அவரிடம் ஒளிந்திருப்பது நரம்பு மட்டும் இல்லை.

தீபாவளிக்கு விருதுநகரிலிருந்து வந்த மகள் சொர்ணலட்சுமி, வேட்டி சட்டைக்கு மேலே ஒரு அட்டையை வைத்து அப்பாவிடம் நீட்டியதைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது முழு உடம்புப் பரிசோதனை அட்டை. அறுபத்து நாலு டெஸ்ட். தங்க எழுத்து, மூலையில் குத்துவிளக்கு. அதை அச்சடித்ததே சங்கையாவின் மூத்த மகன் அருள்பாண்டிதான், திருத்தங்கல்லில் அவனுடைய பிரஸ்ஸில். டெஸ்ட் எடுக்கிற இடமோ, அவன் பெண்டாட்டி பாண்டிமீனா பன்னிரண்டு வருசமாக வேலை பார்த்து, இப்போது பொறுப்பாகவும் இருக்கிற இதே லேப்.

"மாமா நல்லாத்தான இருக்காக. எதுக்கு அறுபத்து நாலு?" என்று பாண்டிமீனா வாய்விட்டுக் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு நாங்க செய்யுறது உங்களுக்கு ஏன் எரியுது மதினி?" என்றாள் சொர்ணம்.

பலகாரத் தட்டு அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சங்கையா நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். மகள் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் இன்றைக்கு வந்து கையை நீட்டினார்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

சொர்ணத்துக்குக் கல்யாணமாகி எட்டு வருசம். வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாதம் தவறாமல் நடக்கிறாள். கந்தசஷ்டி விரதம் எதற்காக இருப்பார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொர்ணமும் ஐந்து வருசம் இருந்து பார்த்தாள். போன வருசம் நிறுத்திவிட்டாள். "முருகனுக்கே என் மூஞ்சி சலிச்சுப் போயிருக்கும்பா" என்றாள். அந்தப் பேச்சு அன்றிலிருந்து சங்கையாவைத் தூங்கவிடவில்லை.

மகள் விட்டால் என்ன, அப்பன் இருக்கக்கூடாதா? இந்தத் தடவை தீபாவளிக்கு மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மக்காச்சோளத்துக்குக் காவல் என்று சொல்லித் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே தங்கிக்கொண்டார். வீட்டிலிருந்து மனைவி இருளம்மாள் கொடுத்தனுப்பிய தூக்குவாளிச் சோறு ஆறு நாளும் நாய்க்குப் போனது. நாய்க்கு ஒரு சுற்று சதை வைத்துவிட்டது. இவருக்குப் பகலில் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். ஆறாம் நாளான நேற்று, சூரசம்ஹாரத்தன்று, பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

இன்று காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, விரதத்தை முடித்திருக்க வேண்டும். அங்கேதான் சங்கையாவின் மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. அட்டையில் சிவப்பு மையில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று போட்டிருந்தது. வயிறோ ஏற்கெனவே வெறும் வயிறு. இதை வீணாக்குவானேன்? ஒரே பட்டினியில் சாமி காரியமும் முடியும், டெஸ்ட் காரியமும் முடியும். நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நேர்ந்துகொண்டதை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

வராந்தாவில் அச்சங்குளத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் பூட்டிக்கிடக்கிற இந்த நாட்களில்தான் அவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். கோயிலுக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ வைத்துக் கிளம்பி வருவார்கள். நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் இன்னும் போகவில்லை. அவர்கள் பேச்சு சங்கையாவின் காதுக்கு எங்கேயோ கிணற்றடியில் பேசுவதுபோல வந்து சேர்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மெல்லிய ஊசி இறங்கிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சும். உடனே பக்கத்தில் தண்ணீரில் முங்கி வாயைக் கழுவும். மறுபடி உறிஞ்சும், மறுபடி கழுவும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு கழுவல்.

அந்தத் தண்ணீர் சங்கையாவுக்குப் பழக்கமான தண்ணீர். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இளைய மகன் சிவபாண்டி டேங்கரில் ஏற்றிவந்து இந்த ஆஸ்பத்திரித் தொட்டியில் இறக்குகிறான். அதை அப்படியே கொடுத்தால் மெஷினுக்கு ஆகாது. வடிகட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு குடம் சுத்தத் தண்ணீர் கிடைப்பதற்குள் இரண்டு குடம் சாக்கடைக்குப் போய்விடும்.

போன மாதம் தோட்டத்துக்கு வந்த பாண்டிமீனா கிணற்றை எட்டிப் பார்த்தாள். "இம்புட்டுத் தண்ணியையும் அங்கன கொண்டுபோய்க் கழுவி ஊத்துறோம் மாமா. பாதி டெஸ்ட் எதுக்கு எடுக்குறோம்னு எங்களுக்கே தெரியாது. நேத்து எடுத்ததையே இன்னைக்கும் எடுக்குறது. ஊசி, குழாய், கையுறை, அம்புட்டும் பை பையா எரிக்கப் போகுது" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரி டாக்டர் இராமகிருஷ்ணன் முன்னால் போய் நின்று ஒரு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று கேட்டாள். டெஸ்ட் எழுதுகிற சீட்டில் புதிதாக ஒரு வரி வந்தது. 'இந்த டெஸ்ட் எதற்காக?' அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டில் காரணம் எழுதினால்தான் ரத்தம் எடுப்பார்கள். கழிவுப் பைகளை ஏற்ற வருகிற வண்டி இப்போதெல்லாம் பாதி இடம் காலியாகத் திரும்புகிறது. சிவபாண்டிக்கு வாரத்தில் இரண்டு லோடு குறைந்தது. அந்தத் தண்ணீர் மக்காச்சோளத்துக்குப் பாய்ந்தது. அட்டை வாங்கினவர்களுக்கு மட்டும் இந்தக் கோடு கிடையாது.

சங்கையாவுக்குக் கண் செருகியது.

வராந்தா முழுக்க மக்காச்சோளம் முளைத்திருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் தோகை அசைந்தது. காற்று இல்லை, ஆனாலும் அசைந்தது. வரிசைக்கு நடுவில் ஒரு பிள்ளை தவழ்ந்து போனது. முகம் தெரியவில்லை. கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. இவர் கூப்பிட வாயைத் திறந்தார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிள்ளை திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"யப்பா... யப்பா. டாக்டர் கூப்பிடுதாக."

சொர்ணம் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். விருதுநகரிலிருந்து எப்போது வந்தாள்? மணி பதினொன்று ஆகியிருந்தது.

டாக்டர் இராமகிருஷ்ணன் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கிட்னி கொஞ்சம் சரியில்லாத மாதிரி தெரியுது. கிரியாட்டினின் ஒன்னு புள்ளி ஒம்பது. யூரியாவும் கூட. இந்த வயசுல இதை அப்படியே விட முடியாது."

சொர்ணத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன டெஸ்ட் வேணும்னாலும் எடுங்க டாக்டர். எல்லாத்தையும் எடுத்துருங்க."

"எழுதிடுறேன்மா. ஒரு ஸ்கேனும் பார்த்துடுவோம். அப்புறம் மதுரையில ஒரு கிட்னி டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட அனுப்புறேன். தேவைப்பட்டா கிட்னியில இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பாங்க. பத்து நாள் தங்குற மாதிரி போங்க."

சொர்ணம் அங்கேயே போனை எடுத்துவிட்டாள். "ஏலே சிவா, லாரியை எங்கனயாச்சும் நிப்பாட்டிட்டு யாருகிட்டயாவது காரை வாங்கிட்டு வா. அப்பாவை மதுரைக்குக் கொண்டு போகணும். கேள்வி கேக்காம வாலே."

சங்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பயம் வராமல் இல்லை. ஆறு நாள் பட்டினி என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த அமர்க்களம் நின்றுவிடும் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சொன்னால் சொர்ணத்துக்காக இருந்த அத்தனையும் போச்சு. யோசித்துப் பார்த்தார். கிட்னி ரெண்டு இருக்கிறது, ஒன்று போனால் போகட்டும். பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு பாண்டிமீனா வந்தாள். கையில் டாக்டர் எழுதி அனுப்பிய சீட்டு. பதினாலு டெஸ்ட்.

"டாக்டர், கோட்டுல ஒன்னும் எழுதலையே."

டாக்டர் நிமிர்ந்தார். "மீனா, உங்க மாமனாருக்குத்தான் எழுதியிருக்கேன். இதுக்குமா?"

"இவருக்குத்தான் கேக்குறேன் டாக்டர்."

சொர்ணம் அவள் முகத்தைப் பார்க்காமல் டாக்டரிடம் பேசினாள். "இவுகளுக்கு எங்கப்பா உசுரைவிட அந்த மெசின்ல ஓடுற தண்ணிதான் பெருசு. நீங்க எழுதுங்க டாக்டர், நான் சொல்லுறேன்."

அந்தப் பேச்சு பாண்டிமீனாவுக்கு வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. மேசையில் கிடந்த அறுபத்து நாலு டெஸ்ட் தாளை எடுத்து விரலை வைத்துக் காட்டினாள்.

"இதைப் பாருங்க டாக்டர். யூரியா தாறுமாறா ஏறியிருக்கு, கிரியாட்டினின் அந்த அளவுக்கு இல்ல. ஹீமோகுளோபின் பதினேழரை. போன வருசம் மாமாவுக்குப் பதிமூணு. ரத்தமே சுண்டிப்போய்க் கிடக்கு. உடம்புல தண்ணி இல்லாட்டியும் இப்படித்தான காட்டும்?"

பிறகு சங்கையாவின் பக்கம் குனிந்து, அவருடைய புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் எழும்பியபடியே நின்றது, இறங்க மனமில்லாமல் இறங்கியது.

"மாமா, கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீக?"

"காலையில குடிச்சேன் தாயி."

"நேத்து?"

"வழக்கம்போலத்தான்."

"கடைசியா ஒன்னுக்கு எப்பப் போனீக?"

மருமகள் இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கூச்சத்தில் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "தண்ணி குடிச்சிருக்காருங்கிறாரே. அப்ப நான் கிட்னியைத்தான் சந்தேகப்படணும். கோட்டுல அதையே எழுதுறேன்."

பாண்டிமீனா அசையாமல் நின்றாள். மாமனார் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லைத் தவிர அவளுக்கு வேறு துணை இல்லை. சொர்ணம் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லை. கண்ணீர் மட்டும் அவர் கைமேல் விழுந்தது, சுடச்சுட.

யாருக்காகப் பட்டினி கிடந்தாரோ அவள் அழுகிறாள். சங்கையாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நேத்துத்தான சூரசம்ஹாரம்" என்றார்.

ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. டாக்டருக்குத்தான் முதலில் விளங்கியது, அவரும் இந்த ஊர்க்காரர்தானே. பேனாவைக் கீழே வைத்தார்.

"சஷ்டி விரதமா பெரியவரே? ஆறு நாளுமா?"

"ஆமா."

"நேத்து தண்ணியும் இல்லாமயா?"

"நேத்து கிடையாதுல்ல."

"இன்னைக்குக் காலையில முடிச்சிருக்கணுமே?"

"அட்டையில வெறும் வயித்துல வரணும்னு போட்டிருந்துச்சு. ஒரே பட்டினியில ரெண்டு காரியமும் முடிஞ்சிரும்னு பாத்தேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

யாருக்காக என்று சொர்ணம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அப்பாவின் கையை விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பதினாலு டெஸ்டையும் ஒரே கோடாக அடித்தார். "பெரியவர் சாயந்தரம் வரைக்கும் இங்கேயே படுக்கட்டும். தண்ணி கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. பட்டினி கிடந்த வயிறு, முதல்ல கஞ்சிதான், அதுவும் அளவா. நாளை மறுநாள் ஒரே ஒரு டெஸ்ட்" என்று எழுதிவிட்டு, கீழே கோட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'தண்ணீர் குடித்தபின் கிட்னி பழைய நிலைக்கு வந்ததா என்று அறிய.' பாண்டிமீனாவைப் பார்த்தார். "அன்னைக்கும் இறங்கலைன்னா மதுரைதான் மீனா. அப்ப நீங்க எங்கிட்ட எதுவும் கேட்கக்கூடாது."

"கேக்க மாட்டேன் டாக்டர். நானே கூட்டிட்டுப் போறேன்."

மத்தியானம். ஜன்னலோரக் கட்டிலில் சங்கையா படுத்திருந்தார். வெளியே வேப்பமர நிழல் வெள்ளைத் திரையில் மெல்ல ஏறி இறங்கியது. பாண்டிமீனா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டம்ளரில் கொடுத்தாள். முதல் வாய் நாக்கில் பட்டதும் உடம்பு முழுவதும் ஏதோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. வாய்க்கால் திரும்பின மாதிரி, விரல் நுனி வரைக்கும் அது போவது தெரிந்தது. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் பச்சையாக என்னென்னவோ அசைந்தது.

மூன்றாவது டம்ளரில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சொல்லிப்புட்டேன் சொர்ணம். இனிப் பலிக்காது. ஆறு நாள் இருந்து ஏழாம் நாள் வாயைத் தொறந்துட்டேன்."

சொர்ணம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "நீங்க உசுரோட இருந்தாப் போதும்பா. எனக்குன்னு நீங்க பட்டினி கெடந்து செத்துப்போனா, அப்புறம் பொறக்குற பிள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

பிறகு பையைத் திறந்து, தடித்த ஃபைல் ஒன்றை எடுத்துப் பாண்டிமீனாவிடம் நீட்டினாள். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு வருசத்து டெஸ்ட் எல்லாம் இதுல இருக்கு மதினி. மாசா மாசம் ஊசி. திங்கக்கெளமை மறுபடி வரச்சொல்லியிருக்காக, எட்டு டெஸ்ட்டு. எனக்கு உடம்புல குத்த எடமில்ல. அப்பாவுக்குக் கேட்டீகள்ல, எதுக்குன்னு. எனக்கும் கேட்டுச் சொல்லுங்க."

பாண்டிமீனா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தாள். தாள் புரளும் சத்தத்தில் சங்கையாவுக்கு மறுபடி கண் சொக்கியது. அவள் உதடு தனக்குள் எண்ணுவது தெரிந்தது. தைராய்டு, தைராய்டு, மறுபடி தைராய்டு. ஒரே டெஸ்ட், ஒரே பதில், பதினோரு தடவை.

கடைசித் தாளுக்கு வந்தாள். முதல் தாளுக்குத் திரும்பினாள். மறுபடி கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இந்தத் தடவை எதையோ தேடினாள்.

"சொர்ணம், மாப்பிள்ளையோடது தனி ஃபைலா?"

"அவரோடது என்ன?"

"அவருக்கு எடுத்த டெஸ்ட்டு."

"அவருக்கு ஒன்னும் இல்லையே மதினி. எல்லாம் சரியா இருக்குன்னு மொதல்லயே சொன்னாகளே."

"யாரு சொன்னா? டாக்டரா?"

சொர்ணம் ஃபைலை எட்டிப் பார்த்தாள்.

பாண்டிமீனா முதல் தாளை அவள் பக்கம் திருப்பினாள். மேலே மூலையில், பொடி எழுத்தில், யாரோ ஒரு நர்ஸ் ஏழு வருசத்துக்கு முன்னால் எழுதியது. கணவர் பெயர் ஸ்ரீராம்குமார். பரிசோதனை: வெளியூரில் எடுத்ததாகவும் எல்லாம் சரியாக இருப்பதாகவும் கணவர் சொல்கிறார்.

"அவரு சொன்னதோட சரி. அந்த ரிப்போர்ட்டை யாரும் பாக்கல. உனக்கு எரநூறு தாளு இருக்கு சொர்ணம். மொதல்ல எடுத்திருக்க வேண்டிய ஒன்னு, அது மட்டும் இல்ல."

சங்கையாவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார்.

கட்டிலின் மேல் கிடந்த சொர்ணத்தின் போன் அடித்தது. ஸ்ரீராம்குமார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அப்பாவையும் மதினியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்தாள்.

"ம். அப்பா நல்லாருக்காக. பயப்பட ஒன்னுமில்ல." அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "நீங்க சிவகாசிக்கு வரணும். நாளைக்கு இல்ல, இன்னைக்கே. நமக்குக் கல்யாணமான புதுசுல ஒரு டெஸ்ட் எடுத்தேன்னு சொன்னீகளே, அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே வரவில்லை. சொர்ணம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.